குடுவைச் செடிக்கு ஹீட்டர் எதற்கு? டிரம்மைக் கழுவி வையுங்கள்

கேள்வி: ஐயா, நான் மண்டபம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஆடி மாதம் ஆன்லைனில் பூச்சி தின்னும் குடுவைச் செடி ஒன்று வாங்கினேன். வரும்போது ஆறு குடுவைகள் இருந்தன. மழை ஆரம்பித்ததும் கனடாவில் இருக்கும் தம்பி, "அக்கா, இது வெப்ப நாட்டுச் செடி, குளிர்காலத்தில் வெளியே வைத்தால் செத்துவிடும், உள்ளே எடுத்து வைத்துச் சூடு கொடு, காற்றில் ஈரம் கூட்டும் ஹியூமிடிஃபயர் வாங்கு" என்றான். அதனால் படுக்கையறையில் வடக்குச் சன்னல் ஓரம் வைத்து, ராத்திரியில் பக்கத்தில் ஒரு மஞ்சள் பல்பு எரியவிட்டு, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடியிருக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் நன்றாகக் காய்ச்சி ஆறவைத்துத்தான் ஊற்றுகிறேன். அழகுக்காகத் தொட்டியில் சிப்பி, சங்கு பரப்பியிருக்கிறேன். இப்போது இரண்டு குடுவைதான் மிச்சம். இலை ஓரமெல்லாம் கருகுகிறது. போதாக்குறைக்கு என் மகன் ஒரு குடுவைக்குள் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவிட்டான், அதுவும் கறுத்துப்போனது. இன்னொரு இடத்தில், இந்தச் செடி குளிர்காலத்தில் தூங்கும், தண்ணீரைக் குறைக்க வேண்டும், ஃபிரிட்ஜில்கூட வைக்கலாம் என்று படித்தேன். எதைக் கேட்பது? செடி பிழைக்குமா?

பதில்:

சகோதரி, முதலில் அந்தப் பல்பை அணையுங்கள், கவரையும் உருவிப் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

செடி பிழைக்கும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உச்சியில் ஒரு புது இலை சுருள் பிரிந்துகொண்டிருக்கிறது, பச்சையாக, பளபளப்பாக. கீழே எத்தனை இலை கருகினாலும் நான் முதலில் பார்ப்பது அந்த நுனியைத்தான், அது கறுக்காத வரை கவலை இல்லை. குடுவை காய்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு குடுவைக்கு ஆயுள் சில மாதங்கள்தான், வயசானால் மூடியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் காயும், அது இயற்கை. முழுசாகக் காய்ந்தபின் குடுவையை மட்டும் வெட்டுங்கள், அது தொங்கும் இலையைத் தொடாதீர்கள். இலை பச்சையாக இருக்கும் வரை அதுதான் செடிக்குச் சமையலறை. ஆனால் ஓரம் கருகுவது வயசான கதை இல்லை, அதற்குக் காரணம் வேறு, சொல்கிறேன்.

உங்கள் தம்பி சொன்னது அவர் ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. டொராண்டோ மாதிரி ஊரில் டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரம்கூடக் கிடையாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று அப்பளமாகக் காய்ந்துவிடும். வெளிச்சம் போதாது, ஈரப்பதம் போதாது, சன்னல் கண்ணாடியில் இலை பட்டால் குளிரில் வெந்ததுபோல் ஆகிவிடும். அதனால்தான் அங்கே இருப்பவர்கள் தினம் 12 முதல் 14 மணி நேரம் எல்இடி விளக்கு போடுகிறார்கள், ஹியூமிடிஃபயர் வைக்கிறார்கள், ஹீட்டர் காற்று நேரே படாத மூலையாகத் தேடுகிறார்கள், ஐஸ் மாதிரி வரும் தண்ணீரை அறைச் சூட்டுக்கு வரவிட்டு ஊற்றுகிறார்கள், ராத்திரியில் 15 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தம்பியும் ஒன்று வளர்க்கிறார் என்றால் இந்தப் பத்தியை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு இதில் ஒன்றுகூட வேண்டாம்.

நம்ம கரையில் மார்கழி என்றால் என்ன குளிர்? ராத்திரி 23, 24 டிகிரி, பகலில் 28, 29. இருபதுக்குக் கீழே இறங்கினால் ஊரே குல்லா போட்டுக்கொண்டு ஒரு வாரத்துக்கு அதையே பேசும். உங்கள் செடியைப் பார்த்தால் வென்ட்ராட்டா என்று தெரிகிறது, பிலிப்பைன்ஸ் நாட்டு இரண்டு இனங்களைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு, இந்தியாவில் பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கப்படும் குடுவைச் செடிகளில் அடிக்கடி இதுதான் வருகிறது, நல்லவேளை, இருப்பதிலேயே முரட்டு ரகமும் இதுதான். இந்தச் செடிக்கு வருஷத்தில் சொகுசான காலமே நமக்குக் கார்த்திகையிலிருந்து மாசி வரை. சித்திரை, வைகாசி வெக்கையில் வாடி நிற்கும்போது வேண்டுமானால் இரக்கப்படுங்கள். அதைப் போய்ச் சொகுசான மாதத்தில் பல்பு போட்டு வாட்டினால் அது என்ன செய்யும்! மஞ்சள் பல்பில் வெளிச்சத்தைவிடச் சூடுதான் அதிகம், பக்கத்தில் இருக்கும் இலையைக் காய வைக்கும். கவர் போட்டால் உள்ளே காற்றோட்டம் இல்லாமல் பூசணம் பிடிக்கும், தப்பித்தவறி வெயில் பட்டால் உள்ளே இட்லிக் கொப்பரை. கவருக்கு ஒரே ஒரு வேலைதான், வெட்டி நட்ட தண்டு வேர் பிடிக்கும் வரை ஈரம் காப்பது.

அப்புறம் அந்த ஃபிரிட்ஜ் விஷயம். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், பெயரில் இருக்கும் குழப்பம். அமெரிக்காவில் தரையிலிருந்து குழல் மாதிரி நேராக நிமிர்ந்து நிற்கும் சாரசீனியா என்று ஒரு குடுவைச் செடி உண்டு. அதற்கும், இலையைப் பொறி மாதிரி மூடிக்கொள்ளும் வீனஸ் ஃபிளைட்ராப்புக்கும் குளிர்கால உறக்கம் தேவை, மூன்று நான்கு மாதம் குளிரில் கிடந்தால்தான் அடுத்த வருஷம் தெம்பாக எழும். நீங்கள் படித்தது அவற்றுக்கு எழுதியது. உங்களிடம் இருப்பது நெப்பந்தஸ், கொடியாகப் படர்ந்து இலை நுனியிலிருந்து ஒரு கம்பியை நீட்டி அதன் முனையில் குடுவையைத் தொங்கவிடும் சாதி. இது தூங்காது, வருஷம் முழுக்க விழித்தே இருக்கும். தண்ணீரை நிறுத்தினால் காயும், ஃபிரிட்ஜில் வைத்தால் சாகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பச் சொல்வதும் சாரசீனியாவுக்குத்தான். நெப்பந்தஸ் வேர் சேற்றில் நின்றால் அழுகும். இந்த மழைக்காலத்தில் தட்டில் தேங்கும் தண்ணீர் டெங்குக் கொசுவுக்கு வேறு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி, தட்டைத் தூக்கி எறியுங்கள்.

சரி, இப்போது காரணத்துக்கு வருவோம். தண்ணீர்.

நீங்கள் பொறுப்பாகக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றியிருக்கிறீர்கள், படித்ததும் எனக்கு உள்ளுக்குள் ஐயோ என்றிருந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், உப்பு எங்கேயும் போகாது. வாலிநோக்கத்தில் உப்பு எப்படி விளைகிறது என்று நமக்குத் தெரியாததா? பாத்தியில் கடல் தண்ணீரை நிறுத்துகிறார்கள், தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு நின்றுவிடுகிறது. உங்கள் அடுப்பில் நடப்பதும் அதுதான். இரண்டு லிட்டரில் லிட்டருக்கு 3000 மில்லிகிராம் உப்பு இருக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஒன்றரை லிட்டராக்கினால் அது 4000 ஆகிறது. அதைவிட மோசம், தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. ஊற்றிய தண்ணீரைச் செடி குடித்து இலை வழியாக விட்டுவிடுகிறது, மீதி ஆவியாகிறது, உப்பு மட்டும் வேரைச் சுற்றி நிற்கிறது, நாளைக்கு இன்னும் கொஞ்சம், நாளை மறுநாள் இன்னும் கொஞ்சம். நான்கு மாதத்தில் உங்கள் தொட்டி ஒரு குட்டி உப்பளம். இலை நுனியிலும் ஓரத்திலும் ஆரம்பித்து உள்நோக்கிக் கருகி வருவது இதன் கையெழுத்து. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதையும் படத்தில் பார்த்தேன், சந்தேகமே இல்லை.

எவ்வளவு உப்பு தாங்கும் என்று கேட்பீர்கள். நாம் குடிக்கும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. குடுவைச் செடிக்கு 50-க்குள் இருந்தால் சந்தோஷம், 100-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வந்தாலும், குடிக்க அருமையான தண்ணீர்தான், இதற்கு ஆகாது. இந்தச் செடி இப்படி நாக்கு நீண்டதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இது பிறந்து வளர்ந்த இடத்து மண்ணில் சத்தே இல்லை, மழை அடித்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போன புளித்த மண். வேரில் கிடைக்காத தழைச்சத்தைப் பிடிக்கத்தான் குடுவை. குடுவை வாயோரம் தேன் சுரக்கிறது, எறும்பு வருகிறது, ஈரமான விளிம்பில் கால் வழுக்கி உள்ளே விழுகிறது, உள்ளே இருக்கும் புளித்த நீர் அதைச் செரிக்கிறது. வேர் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளவும் தண்ணீர் குடிக்கவும்தான். அந்த வேருக்கு மண்புழு உரம், பஞ்சகவ்யம், சாணி, பிண்ணாக்கு எதுவும் விருந்தல்ல, விஷம். செம்மண்ணும் வேண்டாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதன் உறவுக்காரன் ஒன்று உண்டு, நெப்பந்தஸ் டிஸ்டிலாடோரியா, சிங்களத்தில் பாந்துரா என்பார்கள், உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. தனுஷ்கோடியில் நின்றால் தலைமன்னார் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் செடி மன்னார்ப் பக்கம் எட்டிப் பார்க்காது, தென்மேற்கில் காலி, இரத்தினபுரி என்று வருஷத்துக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் பகுதியில்தான் இருக்கும். நம்ம மாவட்டத்தில் விழுவது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் பாதிக்கு மேல் இந்த இரண்டு மூன்று மாதத்தில். இந்தியாவிலும் ஒரே ஒரு இனம்தான் இயற்கையாக உண்டு, மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் இருக்கும் காசியானா. அழிவின் விளிம்பில் இருப்பதால் காட்டிலிருந்து எடுத்து வந்ததை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சிப்பி, சங்குக்கு வருகிறேன். எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. நம்ம பக்கம் எந்த வீட்டுத் தொட்டியைப் பார்த்தாலும் அதுதான் அலங்காரம், என் வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டியிலும் கிடக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. சிப்பி என்பது சுண்ணாம்பு. நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு தம்ளர் தண்ணீரிலும் துளித்துளியாகக் கரைந்து இறங்கி, புளிப்பு மண் கேட்கும் செடிக்கு நேர் எதிராக மண்ணை மாற்றிவிடும். மேலே ஒட்டியிருக்கும் கடல் உப்பு தனிக் கணக்கு. கடற்கரை மணலும் அப்படியே. பவளக்கல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று படத்தில் சரியாகத் தெரியவில்லை, இருந்தால் அது செடிக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் ஆபத்து, கரையில் ஒதுங்கியது என்று சொன்னாலும் வனத்துறை வழக்குதான்.

மண் என்று நான் சொல்வதே தப்பு, இதற்கு மண் கிடையாது. ஸ்பாக்னம் என்ற உலர்ந்த சதுப்புப் பாசியும், எரிமலைக் கல்லைப் பொரித்த வெள்ளைத் துகளான பெர்லைட்டும் கலந்தால் உத்தமம். பாசி விலை அதிகம், அதனால் எல்லோரும் கோகோபீட்டில், அதாவது தென்னை நார்க்கழிவில் வைக்கிறார்கள், அதில்தான் நானும் மாட்டினேன். என் முதல் குடுவைச் செடியைக் கொன்றது நான்தான். தண்ணீர் விஷயத்தில் அத்தனை கவனம், ஆர்ஓ தண்ணீர் தவிர வேறு ஒன்றும் காட்டவில்லை, ஆனாலும் இரண்டே மாதத்தில் ஓரம் ஓரமாகக் கருகி ஒரு குச்சி மட்டும் நின்றது. நார்க்கழிவு வாங்கிய இடம் பக்கத்தில் ஒரு கயிறு மில், பெயர் எதற்கு, அவர்கள் மட்டையை ஊறப்போடுவதே கழிமுகத்து உவர்த்தண்ணீரில்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. உரமே போடாத நார்க்கழிவைப் பிழிந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரில் வைத்தால் ஆயிரத்து எண்ணூறு. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், எந்தக் கோகோபீட்டாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து ஒரு நாள் கழித்துப் பிழிந்து அளப்பேன், கொட்டிவிட்டு மறுபடி ஊறவைப்பேன், ஊற்றும் தண்ணீரின் அளவும் பிழிந்த தண்ணீரின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகும் வரை விடமாட்டேன். சில மூட்டைக்கு நான்கு முறை ஆகும், சிலதுக்கு எட்டு. இதற்கு வேண்டிய டிடிஎஸ் மீட்டர் பேனா அளவுதான், சில நூறு ரூபாய். ஹியூமிடிஃபயர் வாங்கும் காசில் இதை வாங்குங்கள்.

இப்போது உங்கள் தொட்டிக்கு என்ன செய்வது? பாசி கிடைக்கும் வரை காத்திருக்காமல் இன்றே கழுவிவிடுங்கள். குளியலறையில் தொட்டியை ஒரு கட்டை மேல் வைத்து, மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ மூன்று நான்கு லிட்டர், மெல்ல மெல்ல மேலிருந்து ஊற்றி முழுக்கக் கீழே ஓடவிடுங்கள். குடுவைக்குள் விழாமல் பார்த்து ஊற்றுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கீழே வடியும் கடைசித் தண்ணீரை மீட்டரில் பார்த்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும், இருநூறுக்குக் கீழே வந்தால் அவசரம் முடிந்தது. பிறகு பாசி வந்ததும் மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம், வேரைப் பார்த்து அலறாதீர்கள். இதன் வேர் தலைமுடி மாதிரி மெல்லிசாக, கறுப்பாகத்தான் இருக்கும், தொட்டால் ஒடியும். அழுகிவிட்டது என்று நினைத்து நறுக்கியெறிந்த ஆட்களை எனக்குத் தெரியும். கறுப்பாக விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது, நசுக்கினால் கூழாகி நாற்றம் வந்தால்தான் அழுகல். வேரோடு கட்டியாக இருப்பதை உதறாமல் அப்படியே தூக்கி வைத்துச் சுற்றிலும் புதுப் பாசியைத் தளர்வாக நிரப்புங்கள். மண்தொட்டி வேண்டாம், அது உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் போதும்.

இடம் பற்றி. வடக்குச் சன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். வருஷத்தில் மற்ற மாதங்களில் பரவாயில்லை, இந்த மாதங்களில் அதுதான் மோசமான சன்னல், இரண்டு காரணத்துக்காக. ஒன்று வாடைக்காற்று. மண்டபத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இப்போது வடகடல்தான் கொந்தளிக்கும், தென்கடல் படுத்துக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து அடிக்கிற காற்று பாக் விரிகுடாவின் உப்புத் துவலையைச் சுமந்துகொண்டு நேராக உங்கள் சன்னலுக்குள் வருகிறது, கம்பியில் விரலை வைத்து நக்கிப் பாருங்கள், தெரியும். அதே உப்பு இலை மேலும் படிகிறது. இரண்டாவது, இந்தக் காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், மார்கழியில் நடுப்பகலில்கூட உச்சிக்கு வராமல் தெற்குப் பக்கம்தான் நிற்கும், வடக்குச் சன்னலுக்கு வெயில் எட்டாது. ஆனி, ஆடியில் இதே சூரியன் வடக்கே இருக்கும், அப்போது தெற்குச் சன்னலில் நிழல். அதனால் செடியைச் சன்னல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நம்ம ஊர்க் கணக்கு. இப்போதைக்குத் தெற்கோ தென்கிழக்கோ பார்த்த சன்னல், காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் பளிச்சென்ற வெளிச்சம். நடுப்பகல் வெயில் நேரே விழுந்தால் ஒரு மெல்லிய வேட்டியைத் திரையாகத் தொங்கவிடுங்கள். உள்ளேயிருந்து திடீரென்று முழு வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை வெந்துவிடும், பத்து நாள் எடுத்துக்கொண்டு மெல்ல நகர்த்துங்கள்.

உண்மையைச் சொன்னால் உள்ளே வைக்கவேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. தெற்குப் பக்கம் தாழ்வாரமோ பால்கனியோ இருந்து வாடை படாமல் சுவர் மறைத்தால் அதில் தொங்கவிடுவதுதான் நல்லது. புயல் சின்னம் என்று அறிவிக்கிற நாட்களில் மட்டும் உள்ளே. சாதாரண மழையில் நனையட்டும், அதைவிட நல்ல குளியல் அதற்கு இல்லை. உள்ளேயே வைப்பதானால் ஃபேனுக்கு நேர் கீழேயும் ஏசி காற்று படும் இடத்திலும் வேண்டாம். நம்ம கரைக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது, ஏசி ஒன்றுதான் அதைக் காயவைக்கும், காய்ந்த காற்றில் இலை நுனிக் கம்பியில் மொட்டு மாதிரி வரும் குட்டிக் குடுவை ஊதாமலே கருகிவிடும். வெளிச்சம் குறைந்தாலும் குடுவை வராது, ஆனால் அடையாளம் வேறு, இலை கரும்பச்சையாக, நீளமாகத் தொங்கும். சன்னலே சரியில்லாத வீடு என்றால் சாதாரண வெள்ளை எல்இடி ட்யூப்லைட்டை ஓரடி உயரத்தில் 12 மணி நேரம் எரியவிட்டால் போதும், ஊதா கலர் விளக்கெல்லாம் வாங்கி வீட்டைச் சர்க்கஸ் ஆக்க வேண்டாம். இலை மேல் உப்புப் படிந்ததை வாரம் ஒரு முறை மழைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், துடைக்கும்போது இலைக்கு அடியில், கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். எறும்பு நிறைய ஏறினால் தேனுக்கு மட்டும் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள், மாவுப்பூச்சியைக் காவல் காக்கவும் வரும். இருந்தால் காதுக் குச்சியை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள்.

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். மீன்காரப் பிள்ளை, கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறான். கருவாட்டில் இருக்கும் உப்பு அந்தக் குடுவையைக் கொன்றது, அவ்வளவுதான், மற்ற குடுவைக்குப் பரவாது. இனிமேல் அவன் கொடுக்க ஆசைப்பட்டால் மாதத்துக்கு ஒரு குடுவைக்குச் செத்த எறும்பு இரண்டு மூன்று, இல்லை ஒரு குட்டிக் கரப்பான், அதற்கு மேல் வேண்டாம். பச்சை மீன், இறால், கோழித்துண்டு எதுவும் செரிக்காமல் நாறும். வெளியே தொங்கவிட்டால் அந்த வேலையும் இல்லை, தானே பிடித்துக்கொள்ளும். குடுவைக்குள் இருக்கும் நீரைக் கொட்டவும் கூடாது. கைதவறிக் கொட்டிவிட்டால் அடியில் இரண்டு விரல்கடை நல்ல தண்ணீர் விட்டு வையுங்கள்.

எப்போது ஊற்றுவது என்றால் பாசியின் மேல்பகுதி லேசாக உலர ஆரம்பிக்கும்போது. இந்த மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு தம்ளர், மழை நசநசவென்று இருந்தால் மூன்று நாள். மாதம் ஒரு முறை இரண்டு லிட்டர் ஊற்றிக் கழுவுதல். கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஐந்து லிட்டர். தை முதல் புரட்டாசி வரை ஒன்பது மாதத்துக்கு 45 லிட்டர், கோடையில் கூடக் கேட்கும், அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்றும் பெரிய தண்ணீர் இல்லை, ஆனால் தை பிறந்தபின் நம்ம ஊரில் வானத்திலிருந்து அதை வாங்க முடியாது. இப்போது கார்த்திகை. ஆறடிக்கு ஆறடி ஒரு தார்ப்பாயை நான்கு கம்பில் கட்டி நடுவில் ஒரு கல்லை வைத்துத் தாழ்த்தி, தாழ்ந்த இடத்தில் ஓட்டை போட்டு அடியில் டிரம் வைத்தால், பத்து மில்லிமீட்டர் மழைக்கே முப்பது லிட்டருக்கு மேல் விழும். நல்லதாக ஒரு ராத்திரி பெய்தால் வருஷத்துக்கே முடிந்தது. மொட்டைமாடித் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், தளத்துச் சுண்ணாம்பும் காக்கை எச்சமும் மாதக்கணக்கில் படிந்த கடல் உப்பும் அதில் இருக்கும். முதல் கால் மணி நேர மழையைப் பாயைக் கழுவ விட்டுவிட்டு, அப்புறம் டிரம்மை நகர்த்துங்கள். நான் அளந்த வரை இப்படிப் பிடித்த தண்ணீர் முப்பதைத் தாண்டியதில்லை, ஒரே ஒரு முறை தவிர, புயல் நாளில் பிடித்தேன், காற்று கடலையே அள்ளிக்கொண்டு வந்திருக்கும் போல, மீட்டர் 140 காட்டியது. அதைக் குரோட்டன்ஸுக்கு ஊற்றினேன்.

டிரம் புதிதாக இருக்கட்டும், இல்லை குடிநீர் இருந்ததாக இருக்கட்டும். நம்ம பக்கம் எளிதாகக் கிடைப்பது மீன் உப்புப் போட்ட நீல டிரம், அதை எத்தனை முறை கழுவினாலும் நம்பாதீர்கள். நிழலில் வைத்து, வாயில் இரண்டு மடிப்பு வேட்டித் துணி கட்டி, மேலே மூடி போடுங்கள், கொசு உள்ளே போகக் கூடாது. இருட்டில் மூடி வைத்த மழைத் தண்ணீர் மாதக்கணக்கில் கெடாது, லேசாக வாடை வந்தாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. இடையில் தீர்ந்துபோனால் கேன் தண்ணீர் வாங்கலாம், பெரும்பாலான கேனில் அளவு நூறுக்குள்தான் இருக்கும், இருந்தாலும் ஒவ்வொரு கேனையும் அளந்துவிட்டு ஊற்றுங்கள். வீட்டில் ஆர்ஓ இருந்தால் அதில் ருசிக்காக உப்பைத் திரும்பச் சேர்க்கும் திருகு ஒன்று இருக்கும், பழுது பார்க்க வருபவரிடம் சொல்லி அதைக் குறைக்கச் சொல்லுங்கள்.

புதுக் குடுவை நாளைக்கே வராது. உப்பு இறங்கி, வேர் தெம்பாகி, அடுத்த இலை விரிந்து, அதன் நுனி ஊத வேண்டும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மாசியில் ஒரு படம் அனுப்புங்கள். கூடவே டிரம்மில் எத்தனை லிட்டர் நிற்கிறது என்றும் எழுதுங்கள்.